மரப்பேழையும் மாசற்ற ஈகையும்

அறப்பணிகளுக்குப் பொருள் திரட்டும் வழிகள் பலவாகும். கையால் செய்த பொருள்களைக் கொடையாகப் பெற்று, அவற்றை ஏலத்தில் விட்டு, கிடைக்கும் தொகையை மருத்துவ உதவிக்கோ கல்வி உதவிக்கோ அன்னதானத்துக்கோ செலவிடுவது அவற்றுள் ஒன்று. பெருஞ்செல்வம் படைத்தவர் பணமாகத் தருவர். பணம் குறைவாயினும் காலமும் கைப்பழக்கமும் உடையவர் தம் உழைப்பைப் பொருளாக்கித் தரலாம். பணி ஓய்வு பெற்ற முதியோருக்கும், விடுமுறையில் இருக்கும் மாணவருக்கும் இது ஏற்ற வழியாகும்.

அவ்வாறு செய்து தருவதற்கு மரத்தாலான சிறு பேழை மிகப் பொருத்தமானது. அதற்குப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. ஒரு முழப் பலகை, நான்கைந்து கருவிகள், பொறுமை ஆகியவை போதும். வாங்குபவர் வீட்டிலும் அது பல ஆண்டுகள் பயன்படும்.

எனினும் ஒரு கருத்தைத் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். அறத்தின் பெயரால் விற்கப்படுவதனாலேயே ஒரு பொருள் தூய்மையாகிவிடாது. மரம் வந்த வழி, அதில் பூசிய பூச்சு, மூலையில் இட்ட பசை, ஏலத்தில் கூறிய சொல், இறுதியில் எழுதிய கணக்கு ஆகிய ஐந்தும் குற்றமின்றி இருந்தால்தான் அந்த ஈகை மாசற்ற ஈகையாகும். "நல்ல காரியத்துக்குத்தானே!" என்னும் சொல் பல குறைகளை மூடிவிடுவதைக் காண்கிறோம். அச்சொல்லுக்கு இடங்கொடாமல் ஒரு பேழையைச் செய்து கொடுப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பேழையும் செப்பும்

பெட்டி, பேழை, செப்பு, மஞ்சிகை எனத் தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. செப்பு என்பது மூடியுடைய சிறு கலம். நம் இல்லங்களில் போற்றப்படும் அருங்கலச்செப்பு என்னும் நூலின் பெயரிலேயே இச்சொல் அமைந்திருப்பதை வாசகர்கள் அறிவர். அந்நூலுக்கு வழிகாட்டியாக விளங்கிய, சமந்தபத்திரர் அருளிய வடமொழி நூலின் பெயர் இரத்தின கரண்டகம். கரண்டகம் என்றாலும் செப்பு என்றே பொருள். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை வைத்துக் காக்கும் பெட்டி என்பது கருத்து. இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நூலுக்கு ஒரு பெட்டியின் பெயரைச் சூட்டியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெட்டியின் சிறப்பு, உள்ளே வைத்ததைக் கெடாமல் காப்பதில் இருக்கிறது. வெளியே பளபளத்து உள்ளே உளுத்திருக்கும் பெட்டி, பெயருக்குத்தான் பெட்டியாகும்.

ஏலமும் அறப்பணியும்

ஏலம் என்றவுடன் கடனில் மூழ்கிய வீடும் நிலமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின் ஏலத்தை அறப்பணிக்குப் பயன்படுத்திய வரலாறும் நம் நாட்டில் உண்டு. காந்தியடிகள் 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அரிசன நலனுக்காக நாடெங்கும் பயணம் செய்தார். 1934-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகத்தின் பல ஊர்களுக்கும் வந்தார். சுமார் 12,500 மைல் சென்ற அப்பயணத்தில் திரண்ட நிதி சுமார் 8 லட்சம் ரூபாய். ஊர்தோறும் அவருக்கு வரவேற்பு இதழ்கள் வாசித்தளிக்கப்பட்டன. அவற்றை வைத்துத் தரும் பேழைகளும், மக்கள் தந்த பிற பரிசுகளும் அவர் கைக்கு வந்தன. அவற்றை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் மேடையிலேயே ஏலம் விட்டு, வந்த பணத்தை நிதியில் சேர்த்தார். பாராட்டாக வந்த பேழை, சில நிமிடங்களில் பிறருக்கு உதவும் பணமாயிற்று.

பெட்டி செய்யும் தொழிலும் அவர் வாழ்வோடு தொடர்புடையதே. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பத்தார் பலர் வாழ்ந்தனர். கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக் தச்சுவேலை அறிந்தவர். அங்கு உட்காரும் பலகைகள் முதல் பெட்டிகள் வரை தமக்கு வேண்டியவற்றைப் பண்ணையினரே செய்துகொண்டனர். கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்றபோது, அதற்குப் பின்னே இத்தகைய பட்டறிவு இருந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற எங்கள் தலைமுறையினர் கைத்தொழிலையும் ஒரு பாடமாகவே கற்றோம். கோணிய மூலையைச் சொல்லால் மறைக்க இயலாது, மூலைமட்டம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதே அப்பாடத்தின் முதற் பயன்.

பிற நாடுகளிலும் இப்பணி நடைபெறுகிறது. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கப்பட்ட மரக்கடைசல் கலைஞர் சங்கத்தார் தாம் செய்த பொருள்களை அறப்பணி ஏலங்களுக்குத் தருகின்றனர். அங்கு அரிசோனா மாநிலத்தில் 2004-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கடும் நோயுற்ற குழந்தைகள் தாம் பெறும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அடையாளமாக ஒரு மணியைப் பெறுகின்றனர். அம்மணிகளைச் சேர்த்து வைக்க மூடியுள்ள மரச்செப்புகளை அச்சங்கத்தார் கடைந்து, ஏலமின்றி நேரே குழந்தைகளுக்கு அளிக்கின்றனர். ஆகவே பேழை பணமாக மாறியும் உதவும். பேழையாகவே நின்றும் உதவும்.

முதற் பாடம்: மரம் வந்த வழி

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கள்ளாமை விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. திருடுவதற்குத் தூண்டுதல், திருடிய பொருளை ஏற்றல், அரசு விதியை மீறி நடத்தல், அளவையிலும் நிறையிலும் குறைத்தும் மிகுத்தும் கொள்ளுதல், போலிப் பொருளை நல்ல பொருளெனத் தருதல் என்பன அவை. இவை வணிகருக்கு மட்டும் உரியவை என எண்ணலாம். பேழை செய்ய அமர்ந்தால் இவ்வைந்தும் நம் முன்னே வந்து நிற்பதைக் காணலாம்.

"எங்கேனும் ஒரு சந்தனத் துண்டு கிடைத்தால் கொண்டு வாருங்கள்" என்று தச்சரிடம் சொல்வது முதல் குற்றத்துக்கு வழிசெய்யும். வந்த வழி கேளாமல் அத்துண்டை வாங்கினால் இரண்டாவது குற்றம் வந்து சேரும். சந்தன மரத்தை அரசின் அனுமதியின்றி வெட்டவோ கொண்டு செல்லவோ இயலாது. ஆதலால் மூன்றாவதும் உடன் வருகிறது. ஈட்டி மரம் அடங்கிய மரக் குடும்பம் முழுவதும் 2017 முதல் உலக நாடுகளிடை வாணிகத்தில் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அத்தகைய மரங்களை நாடாமல், நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் வேம்பு, பூவரசு, மா, பலா, தேக்கு ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்வதே நன்று.

எல்லாவற்றினும் சிறந்தது பழைய மரம். இடித்த வீட்டின் கதவு, பழுதான அலமாரி, உடைந்த கட்டில் சட்டம் ஆகியவற்றிலிருந்து பெறும் பலகைக்காக இன்னொரு மரம் வெட்டப்படுவதில்லை. பல ஆண்டுகள் உலர்ந்திருப்பதால் அது எளிதில் முறுக்கிக்கொள்வதும் இல்லை. ரம்பம் வைக்குமுன் பழைய ஆணிகளைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

உளுத்த மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பலகையில் ஊசி முனை போன்ற சிறு துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் காணப்பட்டால் உள்ளே பூச்சிகள் வாழ்கின்றன என அறியலாம். அதனை அறுத்தாலும் நஞ்சு பூசினாலும் அவை மடியும். அத்தகைய பலகையை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு பலகை கொள்வதே நம் ஒழுக்கத்துக்கு ஏற்றது. தொழில் நோக்கிலும் அதுவே அறிவுடைமை. இன்று உளுத்த பலகை, நாளை வாங்குபவர் வீட்டு மரச்சாமான்களையும் உளுக்கச் செய்யும்.

இரண்டாம் பாடம்: பசையும் பூச்சும்

மரம் நல்வழியில் வந்துவிட்டால் போதாது. அதனோடு சேரும் பொருள்களையும் கேட்டறிய வேண்டும். பேழை செய்வோர் அறியாமலே உயிர்க்கொலைக்கு உடன்படும் இடங்கள் ஐந்து உண்டு.

1. வச்சிரம்: பழங்காலத்தில் மரத்தை ஒட்டப் பயன்பட்ட வச்சிரம் விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுப்பது. அதற்கு மாற்றாக, செயற்கைப் பிசினால் ஆன வெண்பசை இன்று எங்கும் கிடைக்கிறது. நம் நாட்டில் ஃபெவிகால் என்னும் பெயருடைய வெண்பசை 1959-இல் விற்பனைக்கு வந்தபின், தச்சர்களிடையே வச்சிரத்தின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது.

2. அரக்கு: மரச்சாமான்களுக்குப் பளபளப்பூட்டும் பிரெஞ்சு பாலிஷ், அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது. அரக்கு, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். அதைச் சுரண்டி எடுக்கும்போது எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. இல்லறத்தார் விலக்கவேண்டிய தொழில்கள் என நம் ஆசாரியர்கள் வகுத்த பதினைந்தில் அரக்கு வாணிகமும் ஒன்றாகும்.

3. தந்தம்: அப்பதினைந்தில் தந்த வாணிகமும் அடங்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இலும் 1991-இலும் செய்த திருத்தங்களால் நம் நாட்டில் தந்த வாணிகம் முற்றும் தடுக்கப்பட்டது. ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் விலக்கியதை அரசுச் சட்டம் பின்னாளில் விலக்கியது. பேழையின் மேல் வெண்மையான அழகு வேண்டுமெனில் வெளிர்நிற மரத்துண்டைப் பதிக்கலாம்.

4. பட்டு: பெட்டியின் உட்புறத்தில் பட்டுத் துணி ஒட்டுவது வழக்கம். பருத்தித் துணி ஒட்டினால் குறைவேதும் இல்லை.

5. தேன்மெழுகு: இறுதி மெருகுக்குத் தேன்மெழுகு பூசுவர். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னுபா மெழுகு அதற்கு ஈடாகப் பயன்படும். மெழுகே இல்லாமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசினாலும் மரத்தின் இயற்கை நிறம் நன்கு விளங்கும்.

இவ்வாறு செய்த பேழைக்கு ஒரு சிறு சீட்டு எழுதி உள்ளே வைக்கலாம். "பழைய வேப்பங்கதவின் பலகை, வெண்பசை, ஆளிவிதை எண்ணெய், பருத்தித் துணி" என நான்கு சொற்றொடர் போதும். வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பதை அறிய இது உதவும்.

மூன்றாம் பாடம்: செய்முறை

முதன்முறையாகச் செய்வோருக்கு ஏற்ற எளிய பேழை ஒன்றின் அளவுகள் இங்கே தரப்படுகின்றன. வெளி நீளம் 24 செ.மீ.; வெளி அகலம் 16 செ.மீ.; மூடியின்றி உயரம் 10 செ.மீ.; பலகையின் கனம் 1 செ.மீ.

அறுத்தல்: 10 செ.மீ. அகலமுள்ள பலகையில் 24 செ.மீ. நீளத் துண்டுகள் இரண்டும், 14 செ.மீ. நீளத் துண்டுகள் இரண்டும் எடுக்க வேண்டும். குறுந்துண்டுகள் நெடுந்துண்டுகளின் இடையே அமைவதால் 16-இலிருந்து இருபுறக் கனமாகிய 2 செ.மீ. கழிக்கப்பட்டது. மொத்தம் 76 செ.மீ. தேவை. ரம்பம் தின்னும் அளவையும் சீர்செய்தலையும் கருதி 85 செ.மீ. பலகை கொள்ளலாம். இழைப்புளியால் இழைத்தபின், ஒத்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தி இரண்டும் ஒரே நீளந்தானா எனப் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் வேறுபாடும் மூலையில் தெரிந்துவிடும்.

பொருத்துதல்: மூலைகளில் வெண்பசை தடவி, நான்கு துண்டுகளையும் சேர்த்து, கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நன்கு இறுகும். உடனே மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். வெளிப்புறத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 செ.மீ. 8 மி.மீ. இருக்கும். இரண்டும் சமமாயின் பெட்டி நேராக உள்ளது. வேறுபட்டால் நீண்ட மூலைவிட்டத்தின் இருமுனைகளையும் மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இவ்வளவைக் கணக்கிடச் சொன்னால், பிதாகரஸ் தேற்றம் ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பதை அவர்கள் உணர்வர்.

மூங்கில் ஆணி: மரத்தின் வெட்டுமுகத்தில் பசை மட்டும் நெடுநாள் நில்லாது. எனவே பசை உலர்ந்தபின், ஒவ்வொரு மூலையிலும் நெடும்பலகையின் வழியாகக் குறும்பலகைக்குள் செல்லுமாறு 3 மி.மீ. துளைகள் மூன்றை, 3 செ.மீ. ஆழத்துக்கு இட வேண்டும். முதிர்ந்து உலர்ந்த மூங்கிலைச் சீவிச் செய்த ஆணிகளைப் பசையில் தோய்த்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறக்கி, வெளியே நிற்கும் முனையை அறுத்துவிடலாம். நான்கு மூலைக்குப் பன்னிரண்டு ஆணிகள் ஆகும். இரும்பாணியைப் போல இவை துருப்பிடிப்பதில்லை.

அடிப்பலகை: உட்புறத்தின் அடியில் 1 செ.மீ. சதுரக் கட்டைகளை நாற்புறமும் ஒட்ட வேண்டும். இரண்டின் நீளம் 22 செ.மீ.; மற்ற இரண்டின் நீளம் 12 செ.மீ. அவற்றின்மேல் 4 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையை 21.9 செ.மீ. நீளமும் 13.9 செ.மீ. அகலமுமாக அறுத்து அமர்த்தலாம்.

மூடி: மூடிப்பலகை 24.6 செ.மீ. நீளமும் 16.6 செ.மீ. அகலமும் கொண்டால் நாற்புறமும் 3 மி.மீ. வெளியே நிற்கும். மூடியை எடுக்க அது விரலுக்குப் பிடிப்பாகும். கீழ்ப்புறத்தில் இரு குறுக்குச் சட்டங்களை, பெட்டியின் உட்சுவரிலிருந்து 3 மி.மீ. தள்ளி நிற்குமாறு பொருத்தினால் மூடி நழுவாது. சட்டத்தின் நீளம் 13.4 செ.மீ. போதும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மரம் மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்று விரியும், கோடையில் சுருங்கும். இவ்வசைவு நீளவாக்கில் மிகக் குறைவு, அகலவாக்கில் மிகுதி. 16 செ.மீ. அகலப் பலகை பருவத்துக்கேற்ப ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறக்கூடும். குறுக்குச் சட்டத்தை முழுநீளத்துக்கும் பசையிட்டு ஒட்டினால் மூடிக்கு அசைய இடமில்லாமல் வெடித்துவிடும். ஆகவே சட்டத்தின் நடுவில் 3 செ.மீ. அளவே பசை இட வேண்டும். முனைகளில் திருகாணி இட விரும்பினால், சட்டத்தில் அதற்கான துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். வாங்கியவர் வீட்டில் ஆறு மாதம் கழித்து வெடிக்கும் மூடியை ஏலத்தன்று எவராலும் காண இயலாது. செய்பவர் ஒருவருக்கே அது தெரியும். ஆதலால் இது தொழில் நுட்பம் மட்டுமன்று, வாய்மையும் ஆகும்.

மெருகு: 120, 180, 240 எண்ணுள்ள உப்புத்தாள்களை அவ்வரிசையில் மரநார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மரத்தூள் மூக்கினுள் செல்லாதவாறு துணி கட்டிக்கொள்வது நன்று. பின்னர் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணிநேரத்தில் மிகுதியைத் துடைத்து, ஒரு நாளேனும் உலரவிட்டு, மும்முறை பூசலாம். எண்ணெய் வாடை உள்ளே தங்குமாதலால் உட்புறத்தில் பூச வேண்டா. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுதல் பேரிடர் தரும். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ, வெட்டவெளியில் விரித்து உலர்த்தியோதான் அதனை அப்புறப்படுத்த வேண்டும். உளியும் ரம்பமும் சிறுவர் கையில் இருக்கும்போது பெரியவர் அருகில் இருத்தல் கட்டாயம்.

முடிவில் ஒரு சொல். வேப்பம்பலகைக்குச் சாயம் பூசி ஈட்டி மரம் எனக் கூறுவதும், உள்ளே ஒட்டுப்பலகை இருக்க "முழுதும் தேக்கு" என எழுதுவதும் முன்னர்க் கூறிய ஐந்தாவது குற்றமாகும். விற்ற பணம் ஏழை மாணவனின் படிப்புக்குச் சென்றாலும், வாங்கியவரிடம் சொன்ன பொய் மெய்யாகிவிடாது.

நான்காம் பாடம்: ஏலத்தின் ஒழுங்கு

ஏலம் விடுவதற்கும் சட்டம் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஏல விற்பனையைப் பற்றியது. ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவேறுகிறது. அதுவரை விலை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். இதற்குக் குறைந்து விற்பதில்லை என்னும் அடிவிலையை முன்னரே அறிவித்து ஏலம் விடலாம். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாக விலை கேட்கச் செய்தால், வாங்கியவர் விரும்பினால் அவ்விற்பனையைத் தள்ளிவிட முடியும்.

இந்தக் கடைசி விதியை அறப்பணி ஏலங்களில் மிகக் கவனமாகப் போற்ற வேண்டும். "நிதிக்குத்தானே போகிறது" என்று, வாங்கும் எண்ணமே இல்லாத உறவினரைக் கொண்டு விலையை ஏற்றும் வழக்கம் தீது. விலை ஏற்றப்பட்டவர் நம்மை நம்பி வந்தவர். அவரை ஏமாற்றிப் பெற்ற நூறு ரூபாய், நிதிக்கு வந்த நூறு ரூபாயாகாது.

கணக்கையும் முன்னரே தெளிவாக்க வேண்டும். ஒரு பேழைக்குப் பலகை, பசை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 550 ரூபாய் செலவானதாகக் கொள்வோம். அது 2,000 ரூபாய்க்கு ஏலம் போனால், செய்தவர் செலவையும் தாமே ஏற்பாராயின் நிதிக்கு 2,000 ரூபாய் சேரும். செலவைப் பெற்றுக்கொள்வாராயின் 1,450 ரூபாய் சேரும். இரண்டும் நேர்மையானவையே. எளிய நிலையில் உள்ளவர் செலவைப் பெறுவதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் 1,450 சேருமிடத்தில் "முழுத்தொகையும் நிதிக்கே" என அறிவிப்பது பிழை. ஏலம் முடிந்தபின் வரவு, செலவு, இறுதியில் யாருக்கு எவ்வளவு சென்றது என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் அடுத்த ஆண்டும் மக்கள் நம்பி வருவர். வருமான வரிச் சட்டத்தில் கழிவு, பணமாகத் தரும் நன்கொடைக்கே உண்டு. பொருளாகத் தரும் பேழைக்கு இல்லை. செய்து தருபவர் இதனை அறிந்தே தருதல் நலம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. உரத்த குரலில் நடைபெறும் ஏலத்தில், கேட்க முடிந்தவர் பெருமிதம் கொள்வதும் கேட்க முடியாதவர் தலை குனிவதும் நேரக்கூடும். அதனைத் தவிர்க்க எழுத்து ஏலம் நல்ல வழி. ஒவ்வொரு பேழையின் அருகிலும் ஒரு மூடிய பெட்டியை வைத்து, விரும்புவோர் தாம் தரக்கூடிய தொகையைச் சீட்டில் எழுதி இடச் செய்யலாம். குறித்த நேரத்தில் பலர் முன்னிலையில் திறந்து, மிகுந்த தொகை எழுதியவருக்குத் தரலாம். ஐந்நூறு எழுதியவர் யார், ஐயாயிரம் எழுதியவர் யார் என்று அரங்கம் அறிய வேண்டியதில்லை.

ஐந்தாம் பாடம்: கையை விடுதல்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் மரபு கூறும். மரப்பேழை இந்நான்கில் ஒன்றன்று. அது விற்ற பணம் உணவாகவோ மருந்தாகவோ நூலாகவோ மாறும்போதுதான் தானமாகிறது. எனவே பேழையைச் செய்தவர், பணம் எங்கே செல்கிறது என்பதைக் கேட்டறியும் கடமை உடையவர். ஆனால் பேழை எங்கே செல்கிறது, எவர் வாங்கினார், எதை வைத்தார் என்று பின்தொடர வேண்டியதில்லை.

பல நாள் உழைத்துச் செய்த பொருளைக் கொடுக்கும்போது மனம் தயங்குவது இயற்கை. "இதை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அடுத்ததைக் கொடுத்தால் என்ன?" என்னும் எண்ணம் எழும். நன்றாக அமைந்ததை வைத்துக்கொண்டு கோணியதைக் கொடுக்கத் தூண்டுவதும் அவ்வெண்ணமே. பொருள் வரைதல் என்னும் விரதம் நிலத்துக்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதன்று. தன் கையால் செய்த பொருளின்மேல் எழும் பற்றுக்கும் அது எல்லை வகுக்கிறது. ஆகவே முதலில் செய்த பேழை கோணலாக அமைந்தால் அதனை வீட்டில் வைத்து ஊசி நூல் போடலாம். நேராக அமைந்த பேழையை ஏலத்துக்குக் கொடுக்க வேண்டும்.

விலை குறைவாகப் போனாலும் வருந்தற்க. 5,000 ரூபாய்க்குப் போகும் என எண்ணிய பேழை 800 ரூபாய்க்குப் போகக்கூடும். அந்த 800 ரூபாயும் ஒருவருடைய மருந்துச் சீட்டில் உள்ள சில மாத்திரைகளாகும். விலை என்பது அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் பையைப் பொறுத்தது. உழைப்பின் தரம் செய்தவரின் கையைப் பொறுத்தது. முன்னது நம் வயத்தில் இல்லை. பின்னது முழுதும் நம் வயத்தில் உள்ளது.

இல்லத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களை வரிசைப்படுத்துக. ஒவ்வொன்றும் பேழை செய்யும் வேலையில் எவ்விடத்தில் நேரக்கூடும்?

2. உங்கள் வீட்டில் உள்ள மரச்சாமான் ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் அரக்கு, வச்சிரம், தந்தம், பட்டு ஆகியவற்றுள் எவையேனும் உள்ளனவா எனப் பெரியோரிடமும் தச்சரிடமும் கேட்டறிக.

3. வெளி நீளம் 30 செ.மீ., வெளி அகலம் 20 செ.மீ., பலகைக் கனம் 1 செ.மீ. உள்ள பேழைக்குக் குறும்பலகையின் நீளம் என்ன? வெளி மூலைவிட்டம் எவ்வளவு?

4. ஒருவர் தாம் வாங்க எண்ணாத பொருளுக்கு, நிதி பெருக வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் விலை கேட்கிறார். அவர் செய்தது சரியா? காரணம் கூறுக.

இவ்வினாக்களுக்கு விடை எழுதி முடித்தபின், வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய பலகை ஒன்றைத் தேடி எடுத்து, மூலைமட்டம் வைத்து ஒரு கோடு கிழிப்பீர்களாக. அதன்பின் வரும் பாடங்களை அப்பலகையே கற்பிக்கும்.